நைட் ஷிப்டும் இதயமும்: நம் ஆட்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவில் வேலை செய்கிறவர்களுக்கு மாரடைப்பு அபாயம் கூடுதல் என்பது இன்று வெறும் சந்தேகம் இல்லை. 2012ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, 2 மில்லியனுக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஷிப்ட் வேலை செய்வோருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 23 விழுக்காடு அதிகம் என்று அதில் தெரியவந்தது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடு வயது 53. மற்றவர்களுக்கு அது கிட்டத்தட்ட 59.

சிங்கப்பூரில் துவாஸ் துறைமுகம், ஜூரோங் தீவு ஆலைகள், சாங்கி விமான நிலையம், மருத்துவமனை வார்டுகள், காண்டோ வாசலில் இருக்கும் பாதுகாவலர் கூண்டு என்று ராத்திரியில் எங்கே போனாலும் தமிழ்க் குரல் கேட்கும். வேலையை விட்டுவிடுங்கள் என்று இவர்களிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வீட்டுக்கடன் இருக்கிறது, ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆனால் இரவை ஓட்டுவதற்கு உதவும் என்று நம்பி நாம் செய்யும் சில காரியங்கள்தான் இதயத்துக்கு மேலும் சுமை ஏற்றுகின்றன. அவற்றில் பலவற்றை நம்மால் மாற்ற முடியும்.

“எனக்குப் பழகிப்போச்சு”

பல வருடம் நைட் பார்த்தவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். பழகுவது மனசு. உடம்பு அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. மூளைக்குள் இருக்கும் உயிர்க் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. காலை எட்டு மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடிக்கிறது. விடுப்பு நாளில் குடும்பத்தோடு பகலில் விழித்திருக்கிறோம். பிறகு கடிகாரம் எப்படித் திரும்பும்? நிரந்தரமாக இரவு வேலை பார்ப்பவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உடல் கடிகாரம் முழுமையாக இரவுக்கு மாறியவர்கள் 100 பேரில் 3 பேருக்கும் குறைவு.

சாதாரணமாக இரவுத் தூக்கத்தில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 விழுக்காடு வரை இறங்கும். இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் கிடைக்கும் ஓய்வு அதுதான். இரவில் விழித்திருந்து, பகலில் அரைகுறையாகத் தூங்கினால் அந்த இறக்கம் சரியாக நடக்காது. இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்கத் தாதியரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்து 2016இல் வெளியான ஆய்வு இதையே காட்டியது: சுழற்சி முறையில் இரவு வேலை செய்த ஆண்டுகள் கூடக்கூட இதய நோய் அபாயமும் கூடியது. இரவு வேலையை நிறுத்திக் காலம் ஆக ஆக அந்த அபாயம் குறைந்ததற்கான அறிகுறியும் அதில் இருந்தது. ஆகவே பத்து வருடம் நைட் பார்த்துவிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்பவர்தான் முதலில் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

விடிகாலை மூன்று மணிச் சாப்பாடு

ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும். உடனே 24 மணி நேரக் கடையில் இரண்டு பிராட்டா, ஆட்டுக்கறிக் குழம்பு, ஒரு தே தாரிக். சாப்பிட்டால் தெம்பு வரும் என்பது நம்பிக்கை. அந்த நேரத்தில் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் பகலில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கும். 2021இல் அமெரிக்காவில் 19 பேரை ஆய்வுக்கூடத்தில் வைத்து, நைட் ஷிப்ட் போலவே இரவில் விழிக்க வைத்தார்கள். ராத்திரியிலும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறியது. விழித்திருந்தும் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் விழித்திருப்பதைத் தடுக்க முடியாத நமக்கு, சாப்பிடும் நேரத்தையாவது மாற்ற முடியும் என்று அது சொல்கிறது.

வேலைக்குப் போகுமுன் ஏழு மணிக்கு வயிறாரச் சாப்பிடுங்கள். நள்ளிரவுக்குள் லேசாக ஏதாவது: அவித்த முட்டை, கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர், ஒரு வாழைப்பழம். ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை முடிந்தவரை தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை திடீரென இறங்கிவிடும்.

பானங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டிப்பால் ஊற்றிய தே ஒரு இரவில் மூன்று கிளாஸ், நடுவில் எனர்ஜி டிரிங்க் ஒரு கேன் என்று போனால், அது சர்க்கரைக் கணக்கில் ஒரு பெரிய தொகை. கடையில் “தே ஓ கோசோங்” என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாமல் வரும். அது பிடிக்காவிட்டால் “சியூ தாய்” என்று சொல்லிச் சர்க்கரையைக் குறைக்கலாம். காப்பியிலும் தேயிலும் உள்ள கஃபீன் பாதி இறங்கவே ஐந்து மணி நேரம்போல ஆகும். எட்டு மணிக்கு ஷிப்ட் முடிபவர் இரண்டு மணிக்கு மேல் குடித்தால், படுக்கும்போதும் அது வேலை செய்துகொண்டிருக்கும். தூக்கத்தை விரட்டப் பிடிக்கும் சிகரெட்டும் அப்படியே. ஒவ்வொன்றும் ரத்தக் குழாயைச் சுருக்கி, இதயத் துடிப்பைக் கூட்டுகிறது.

பகல் தூக்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்

என் கணிப்பில் நம்மவர்கள் செய்வதிலேயே பெரிய தவறு இதுதான். இரவில் தூங்குபவரை யாரும் எழுப்பமாட்டார்கள். பகலில் தூங்குபவரை எல்லாரும் எழுப்புகிறார்கள். ஊரில் காலை பத்து மணிக்கு அம்மா ஆசையோடு அழைக்கும்போது இங்கே பன்னிரண்டரை, ஆழ்ந்த தூக்கத்தின் நடுப்பகுதி. நைட் முடித்து வரும் தாதி பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, துணி துவைத்துப் படுக்கும்போது பதினொன்று. தங்குவிடுதியில் ஒரே அறையில் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். “மூன்று மணிக்கு மேல் கூப்பிடுங்க அம்மா” என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார், காரணம் தெரிந்தால் அவரே மற்றவர்களையும் தடுப்பார். போனை வேறு அறையில் வையுங்கள். கனமான திரைச்சீலை, கண்பட்டை, காதடைப்பான் எல்லாம் சில வெள்ளிச் செலவுதான். விடுதியில் இருப்பவர்கள், இரவு ஷிப்ட் ஆட்களை ஒரே அறையில் போடும்படி நிர்வாகியிடம் கூட்டாகக் கேளுங்கள். ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் முடியாதென்றால், காலையில் ஐந்து மணி நேரமும் வேலைக்குக் கிளம்புமுன் ஒன்றரை மணி நேரமுமாகப் பிரித்துத் தூங்கலாம்.

இத்தனையும் செய்து, ஏழு மணி நேரம் தூங்கியும் களைப்பு போகவில்லை, குறட்டை பலம் என்று அறைத்தோழர் சொல்கிறார் என்றால், தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு இருக்கலாம். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும் காரணங்களில் ஒன்று. மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஓவர்டைம் விஷயத்தில் ஒரு வார்த்தை. வேலைச் சட்டத்தில் வேலை நேரத்தைப் பற்றிச் சொல்லும் நான்காம் பகுதிக்குள் வருபவர்களுக்கு மாதத்துக்கு 72 மணி நேரம்தான் ஓவர்டைம் வரம்பு. பாதுகாவல் அதிகாரிகளுக்கும் 2021 ஜனவரியிலிருந்து அது பொருந்துகிறது. ஷிப்ட் அட்டவணை போடும் மேற்பார்வையாளர்களுக்கு என் வேண்டுகோள்: நைட் முடித்தவரை அன்றைக்கே மாலை ஷிப்டுக்கு வரச் சொல்லாதீர்கள். சுழற்சி வைத்தால் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிப் போகட்டும். உடம்புக்கு அந்தத் திசை சற்று எளிது.

பிரஷர் பார்ப்பதிலும் மாத்திரையிலும்

2021-22 தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், 18 முதல் 74 வயது வரையிலான சிங்கப்பூர்வாசிகளில் மூவரில் ஒருவருக்கும் மேல் உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அது வலிக்காது. அதனால்தான் தெரியாமலே போகிறது. 40 வயதைத் தாண்டிய குடிமக்கள் அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்தில் பதிந்திருந்தால், பிரஷர், சுகர், கொழுப்புப் பரிசோதனைகளைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். விடுதியில் தங்கும் வேலை அனுமதிச் சீட்டுக்காரர்களுக்கு முதலாளி வாங்கிக் கொடுக்கும் அடிப்படை மருத்துவத் திட்டம் இருக்கிறது. காய்ச்சலுக்கு மட்டும் என்று நினைக்காமல், அடுத்த முறை போகும்போது பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நைட் முடித்த கையோடு, காப்பி குடித்த அரை மணிக்குள் பிரஷர் பார்த்துவிட்டுப் பயப்படுவதும் தவறு, “தூக்கமில்லாததால் ஏறியிருக்கும்” என்று அந்த எண்ணை ஒதுக்குவதும் தவறு. தூங்கி எழுந்து, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, சில நாட்கள் தொடர்ந்து பார்த்து எழுதி வையுங்கள். வீட்டில் சராசரி 135/85க்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரைச் சீட்டில் “காலை” என்று போட்டிருக்கும். உங்களுக்குக் காலை எது என்பதில் குழம்பிப் பலர் டோஸைத் தவறவிடுகிறார்கள். நீங்கள் நைட் ஷிப்ட் என்று மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பதுதான் இங்கே பிழை. பிரஷர் மாத்திரையைக் காலையில் போட்டாலும் மாலையில் போட்டாலும் இதயத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றுதான் என்று பிரிட்டனில் 2022இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே நேரத்தை உங்கள் தூக்கத்துக்கு ஏற்ப மாற்றித்தர மருத்துவரால் முடியும். சிறுநீரை அதிகப்படுத்தும் மாத்திரை என்றால் படுக்குமுன் வேண்டாம் என்றும் சொல்வார்.

“வாயுவா இருக்கும், ஷிப்ட் முடியட்டும்”

நெஞ்சு அழுத்தினால் ஓம வாட்டர், சோடா, முதுகைத் தேய்த்துவிடும் நண்பர். அப்புறம் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு. உயிர் போவது இந்த இடைவெளியில்தான். மாரடைப்பில் அடைபட்ட ரத்தக் குழாயை, நோயாளி வந்து 90 நிமிடங்களுக்குள் திறந்துவிட வேண்டும் என்று மருத்துவமனைகள் இலக்கு வைத்து ஓடுகின்றன. நாம் இங்கே நான்கு மணி நேரம் காத்திருந்தால் அந்த ஓட்டத்துக்குப் பலனில்லை.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் எதுவானாலும் உடனே ஆம்புலன்ஸுக்கு 995 எண்ணை அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பும் குமட்டலுமாகக்கூட வரும். ஆம்புலன்ஸுக்குப் பணம் கட்ட வேண்டுமே என்று தயங்காதீர்கள். உண்மையான அவசரத்துக்குக் குடிமைத் தற்காப்புப் படை கட்டணம் வாங்குவதில்லை. தானே வண்டி ஓட்டிக்கொண்டு கிளம்புவது ஆபத்து. அழைக்கும்போது புளோக் எண்ணையோ ஆலையின் கேட் எண்ணையோ தெளிவாகச் சொல்லி, ஒருவரை வாசலில் நிறுத்துங்கள். ஆள் மயங்கி மூச்சும் நின்றுவிட்டால், போனை வைக்காதீர்கள். நெஞ்சை எப்படி அழுத்துவது என்று அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். இதயத்தை மீண்டும் துடிக்க வைக்கும் ஏஇடி கருவியை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் லிஃப்ட் அருகில் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஆலையிலோ விடுதியிலோ அது எங்கே மாட்டியிருக்கிறது என்பதை இன்றிரவு வேலைக்குப் போனதும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கூட வேலை செய்பவருக்கும் காட்டிவையுங்கள்.