சென்னையின் தெற்குப் புறநகரில் மனை, வீடு பார்க்க வருகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வரும்போதே சென்னைப் பக்கம் ஒரு மனையோ அடுக்குமாடி வீடோ வாங்கிவிட வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மூன்று வாரத்துக்குள் பார்த்து, பேசி, பத்திரமும் பதிந்துவிட்டு விமானம் ஏறிவிடலாம் என்று கணக்கு. அந்த அவசரம் புரோக்கருக்குத்தான் வசதி. வந்திருக்கும் நாட்களை இடத்தைச் சுற்றிப் பார்க்கவும் விசாரிக்கவும் பத்திர நகல்கள் வாங்கவும் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பது அப்புறம்.

முதலில் நீங்கள் வாங்கலாமா என்று பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) உள்ளவரும் குடியிருப்பு, வணிகச் சொத்துகள் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. செங்கல்பட்டைத் தாண்டி 'வார இறுதிப் பண்ணை மனை' என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. இலங்கைக் குடியுரிமை மட்டும் உள்ளவர்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே சொத்து வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு அந்த அனுமதி தேவையில்லை.

சரி, எந்தப் பக்கம் பார்ப்பது? என்னைக் கேட்டால் ஜி.எஸ்.டி. சாலையில், அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையில், தொடங்குவேன். தாம்பரத்திலிருந்து வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் வழியாகச் செங்கல்பட்டு வரை சாலையை ஒட்டியே புறநகர் ரயில் ஓடுகிறது. கடற்கரை நிலையம் வரை ஒரே ரயிலில் போகலாம் என்பது, நகருக்குள் வேலைக்குப் போகும் வாடகைதாரருக்குப் பெரிய விஷயம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்து கிளம்பத் தொடங்கியதும் அந்தப் பகுதியின் மதிப்பே மாறிப்போனது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வருவதைச் சொல்லி இப்போதே விலையை ஏற்றுகிறார்கள். அது இன்னும் திட்டமாகத்தான் இருக்கிறது, அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

பழைய மகாபலிபுரம் சாலையின் கதை வேறு. சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி பக்கம் ஐ.டி. ஊழியர்கள் இருப்பதால் அடுக்குமாடி வீட்டுக்கு ஆள் எளிதில் கிடைப்பார்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ வேலையும் நடக்கிறது. ஆனால் தண்ணீர்! பல குடியிருப்புகள் லாரித் தண்ணீரில்தான் ஓடுகின்றன. வீட்டைக் காட்ட வருபவரிடம் மாதத்துக்கு எத்தனை லாரி, பராமரிப்புக் கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் நிலத்தடி நீர் எப்படி என்று தனியாகக் கேட்க வேண்டியதே இல்லை.

விலையைவிட, பத்திரத்தைவிட, வெள்ளத்தை முதலில் பாருங்கள் என்பேன். மேற்குத் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015இல் மூழ்கின. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் சேர்ந்து வரும் வழி அது. கிழக்கே மேடவாக்கம், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை எல்லாம் சதுப்பு நிலத்தைச் சுற்றி எழுந்தவை. தெற்கிலும் மேற்கிலும் உள்ள ஏரிகள் நிரம்பினால் அந்தத் தண்ணீர் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். வெளியேறும் வழி குறுகலானதால்தான் 2023 மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. பள்ளிக்கரணை 2022 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம். அதைச் சுற்றிக் கட்டட அனுமதி கொடுப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். அங்கே புதிய வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முடிந்தால் நவம்பரில் வாருங்கள். பள்ளி விடுமுறைக்காக ஜூலை, ஆகஸ்டில் வந்தால் எல்லா மனையும் காய்ந்து நல்லதாகத்தான் தெரியும். மழையில் வர முடியாதவர்கள் தெருவில் நடந்தே போங்கள். பழைய வீடுகளின் வாசற்படி சாலை மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா? சுற்றுச்சுவரில் ஒரே உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறதா? மின்சார மீட்டர் பெட்டியைப் பெயர்த்துத் தலைக்கு மேலே மாட்டியிருக்கிறார்களா? அப்புறம் தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமோ டீக்கடையிலோ, "அண்ணே, மிக்ஜாம் அப்போ இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். முழங்காலா, இடுப்பா என்று கையை வைத்தே காட்டிவிடுவார்கள். புரோக்கர் உடன் இல்லாதபோது கேளுங்கள்.

காகிதங்களுக்கு வருவோம். தாய்ப்பத்திரம் முதல் இன்றுவரை உள்ள எல்லாப் பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்), பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) ஆகியவற்றின் நகல் வேண்டும். வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே என்ன வகைப்பாடு என்று பாருங்கள். ஏரி, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பஞ்சமி நிலமா (பட்டியல் சாதியினருக்கென அரசு ஒதுக்கிய நிலம்), கோயில் நிலமா என்பதையும் வழக்கறிஞர் விசாரிக்க வேண்டும். விற்பவர் சொல்லும் வழக்கறிஞர் வேண்டாம், நீங்களே ஒருவரைப் பிடியுங்கள்.

லேஅவுட் மனை என்றால் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. (மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகள்) அனுமதி எண்ணையும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் வாங்கி, அந்தந்த இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். 'அப்ரூவலுக்குப் போட்டிருக்கோம்' என்றால் அனுமதி இல்லை என்றுதான் பொருள். 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் ஒரு திட்டம் வந்தது. பழைய மனை வாங்கினால் அந்த ஆணையைக் கேட்டு வாங்குங்கள். அடுக்குமாடி வீட்டில் உங்கள் பெயருக்கு எழுதித் தரும் பிரிக்கப்படாத நிலப்பங்கு எத்தனை சதுர அடி என்பதுதான் நாளைக்கு மதிப்பைத் தீர்மானிக்கும்.

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் ஆகும், அதையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். பணத்தை என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. போன்ற, வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு வழியாகவோ வங்கி மூலம் வெளிநாட்டிலிருந்து அனுப்பியோ மட்டும் கொடுங்கள். 'பாதி கையில கொடுங்க சார்' என்பார்கள். ஒத்துக்கொண்டால் விற்கும்போது அந்தப் பாதியைக் கணக்கிலும் காட்ட முடியாது, திரும்ப எடுத்துச் செல்லவும் முடியாது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவர் இங்கேயே வாழ்பவராக இருக்கும்பட்சத்தில் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவரும் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் விகிதம் வேறு, ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பதிவுக்குத் திரும்ப வர முடியாதவர்கள், இந்த ஒரு சொத்துக்கு மட்டுமான பவர் பத்திரத்தை (உங்கள் சார்பில் செயல்பட ஒருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) நீங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அண்ணன் தம்பியே என்றாலும், வாங்குவதற்கு மட்டும் அதிகாரம் கொடுங்கள், விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள்.

பதிவானதும் பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று பாருங்கள், வீட்டு வரியையும் மாற்றுங்கள். காலி மனைக்கு நான்கு மூலையிலும் கல் நட்டால் மட்டும் போதாது, சுற்றுச்சுவர் எழுப்பி ஒரு கேட்டும் போடுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வேறு யாராவது உங்கள் மனையைக் காட்டிப் பத்திரம் பதிந்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.