த்ரெட்டா, நீளப் பதிவா? புதிதாக எழுத வருபவர்களுக்கு ஒரு செய்முறை

எக்ஸில் (பழைய ட்விட்டர்) எழுதிக்கொண்டே போகிறீர்கள், 280 எழுத்து தாண்டியதும் எழுத்துக் கணக்கு சிவப்பாகிவிடுகிறது, கை தானாக அடுத்த பதிவைச் சேர்க்கும் பிளஸ் பொத்தானுக்குப் போகிறது. கொஞ்சம் பொறுங்கள். சொல்ல வந்தது த்ரெட்டுக்கான, அதாவது ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்துப் போடும் பதிவுகளுக்கான விஷயம்தானா என்று பார்த்துவிட்டு அப்புறம் அமுக்கலாம்.

த்ரெட் என்பது யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த எழுத்து வடிவம் இல்லை. 2006-ல் வந்த ட்விட்டரில் ஆரம்பக் காலத்தில் எஸ்எம்எஸ்ஸின் 160 எழுத்தில் 20-ஐப் பயனர் பெயருக்கு ஒதுக்கிவிட்டு மீதி 140-ஐ நமக்குக் கொடுத்தார்கள். இடம் போதாதவர்கள் தங்களுக்குத் தாங்களே பதில் போட்டு நீட்டிக்கொண்டார்கள். 2017 நவம்பரில் 280 ஆனது, டிசம்பரில் அந்தப் பிளஸ் பொத்தான் வந்தது. இப்போது எக்ஸில் காசு கட்டினால் 25,000 வரை எழுதலாம், ஃபேஸ்புக்கில் இலவசமாகவே 63,206. ஆக, இடமில்லை என்ற காரணத்தைப் பல இடங்களில் இனிமேல் சொல்ல முடியாது.

படி 1: பிரித்தால் நிற்குமா என்று பாருங்கள்

இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். த்ரெட்டில் இருக்கும் ஒவ்வொரு பதிவையும் யார் வேண்டுமானாலும் தனியாக எடுத்துப் பகிரலாம், பகிரவும் செய்வார்கள். அப்படித் தனியாகப் போனாலும் அர்த்தம் கெடாது என்றால் த்ரெட். 'ஏனென்றால்', 'ஆனால்', 'அதனால்தான்' என்று ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிற வாதம் என்றால் நீளப் பதிவு. பத்துக் கருவிகளை அறிமுகப்படுத்துவது, ஒரு நிகழ்ச்சியை நடக்க நடக்கச் சொல்வது, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறிப்பு எழுதுவது எல்லாம் த்ரெட்டுக்கு அளவெடுத்துத் தைத்தவை. ஒரு கருத்தை மறுப்பதோ, ஒரு சிக்கலின் காரணத்தை அவிழ்ப்பதோ அப்படி இல்லை.

படி 2: வெட்டுகிற இடம்

போன் மாற்றுவது பற்றி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். நான்காவது பதிவு இப்படி முடிகிறது:

"எல்லாம் புதுப் போனுக்கு வந்துவிட்டதா? இனிமேல் பழைய போனை ரீசெட் செய்துவிடலாம்."

ஐந்தாவது இப்படித் தொடங்குகிறது:

"ஆனால் வாட்ஸ்அப் பேக்கப் முடிந்ததா என்று பார்த்த பிறகுதான்."

நான்காவதை மட்டும் பார்த்தவர் கதி என்ன? அவருடைய பல வருடத்து அரட்டை போயே போய்விட்டது, நீங்கள் ஐந்தாவதில் சரியாகத்தான் எழுதியிருந்தீர்கள் என்பது அவருக்கு எந்த வகையிலும் உதவப்போவதில்லை. நிபந்தனையையும் செயலையும் ஒரே பதிவுக்குள் வையுங்கள்: "வாட்ஸ்அப் பேக்கப் முடிந்ததைப் பார்க்காமல் பழைய போனை ரீசெட் செய்யாதீர்கள்." ஒரே வாக்கியம், எங்கே போனாலும் ஆபத்தில்லை. எச்சரிக்கை, விதிவிலக்கு, 'இல்லை', 'கூடாது' இதெல்லாம் பக்கத்துப் பதிவுக்கு ஒழுகக் கூடாது.

படி 3: தமிழுக்கு அளவு வேறு

எக்ஸ் நம் எழுத்தை எண்ணுவதில்லை, அதற்குள் இருக்கும் குறியீடுகளை எண்ணுகிறது. புள்ளி ஒன்று, கால் ஒன்று, கொம்பு ஒன்று என்று தனித்தனியாகக் கணக்கு ஏறும். 'கொண்டாட்டம்' நமக்கு 6 எழுத்து, எக்ஸுக்கு 11. அதனால் ஒரு ட்வீட்டில் ஏறக்குறைய 30 தமிழ் வார்த்தைதான் பிடிக்கும். எக்ஸ் மாதிரியே இன்னொரு தளமான புளூஸ்கையில் வரம்பு 300தான் என்றாலும் அங்கே எண்ணுவது நாம் எண்ணுகிற மாதிரி, 'கொண்டாட்டம்' 6 ஆகவே இருக்கும், எனவே தமிழுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம். ஒரு தளத்துக்குப் பிரித்ததை அப்படியே இன்னொன்றில் ஒட்டாதீர்கள். லிங்க் எவ்வளவு நீளமாக இருந்தாலும் எக்ஸில் 23தான்.

படி 4: போடுவது

முழுவதையும் வேறு எங்காவது எழுதி முடித்துவிட்டு, பிளஸ் அமுக்கி வரிசையாக ஒட்டி, ஒரே தடவையில் போடுங்கள். ஒவ்வொன்றாகப் போட்டால் மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கும்போதே முதல் பதிவுக்குக் கீழே சண்டை தொடங்கியிருக்கும். பின்னால் ஏதாவது சேர்க்க வேண்டுமா? கடைசிப் பதிவின் கீழே பதில் போட்டுச் சேர்த்துவிடுங்கள். முதல் பதிவுக்குப் பதில் போட்டால் த்ரெட் கிளை பிரிந்து, பாதிப் பேர் ஒரு பக்கமும் மீதிப் பேர் இன்னொரு பக்கமும் படித்துக்கொண்டிருப்பார்கள். முதல் பதிவில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். "ஒரு அதிர்ச்சித் தகவல், கீழே தொடரவும்" என்று மட்டும் போடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, நான் அதற்குக் கீழே போவதே இல்லை.

நீளப் பதிவிலும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. டைம்லைனில் எக்ஸ் முதல் 280-ஐ மட்டும் காட்டும், ஃபேஸ்புக் சில வரிகளிலேயே மடித்துவிடும். மேலே தெரிகிற அந்தத் துண்டில் வணக்கமும் பீடிகையும் வேண்டாம். மூன்று நான்கு வாக்கியத்துக்கு ஒரு முறை ஒரு வரி இடைவெளி விடுங்கள், போனில் படிப்பவருக்கு அது இல்லாவிட்டால் சுவர் மாதிரி தெரியும். (இடமில்லை என்று எழுதியதைப் படமாக எடுத்துப் போடுகிறவர்களுக்கு: தேடினால் கிடைக்காது. படத்தில் இருப்பதைச் சொல்லும் மாற்று உரை சேர்க்காவிட்டால், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானை நம்பிப் படிப்பவர்களுக்கும் எட்டாது.)

படி 5: படிக்கும்போது

யாரோ பகிர்ந்த ஒரு பதிவு உங்களைக் கொதிக்க வைத்தால், பதில் அடிப்பதற்கு முன்னால் அதைத் தொட்டுத் திறந்து, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். மேலே இன்னொரு பதிவு இருந்தால் நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். முதல் பதிவு வரை போய், தேதியையும் பார்த்துவிட்டுக் கீழே வாருங்கள். எண் போட்டிருந்தால் 6-க்கு அப்புறம் 8 வருகிறதா என்று கவனியுங்கள், நடுவில் ஒன்றை அழித்திருக்கலாம். நீளமான த்ரெட்டை ஒரே பக்கமாகப் படிக்க த்ரெட் ரீடர் ஆப் இருக்கிறது, அதன் கணக்கைக் குறிப்பிட்டு 'அன்ரோல்' என்று ஆங்கிலத்தில் பதில் போட்டால் தொகுத்து லிங்க் தரும். எழுதியவர் தடுத்திருந்தால் அதுவும் நடக்காது, அப்போது புக்மார்க் செய்துகொண்டு நேரம் இருக்கும்போது படிக்க வேண்டியதுதான்.