கடல்மீன் தொட்டிக்குள் கையை விடுமுன்

முல்லைத்தீவுக் கரைவலையில் சிலவேளை சிங்கமீன் அகப்படும். வரிவரியாக, சிறகு விரித்து நிற்கிற அழகைப் பார்த்ததும் வீட்டு உப்புத்தண்ணீர்த் தொட்டியில் விடத் தோன்றும். அதன் முதுகில் மட்டும் 13 நச்சு முள் இருக்கிறது. செத்த மீனின் முள்ளும் குத்தினால் விஷம்தான்.

தொட்டி கழுவும்போது மீன் எந்த மூலையில் நிற்கிறது என்று பார்த்த பிறகே கையை விடுங்கள். பிடிக்க வலை வேண்டாம், முள் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவால் அள்ளுங்கள்.

குத்திவிட்டதா? குசினியில் சுடுதண்ணீர் வையுங்கள். 45 பாகை செல்சியசுக்கு மேல் போகாமல், பொறுக்கக்கூடிய சூட்டில் 30 முதல் 90 நிமிடம் காயத்தை அமிழ்த்தி வைத்தால் வலி இறங்கும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள். வலிக்கிற கைக்குச் சூடு விளங்காது, வெந்துபோகும். மூச்சு முட்டினாலோ தலை சுற்றினாலோ காத்திருக்க வேண்டாம், 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். கல்லைப்போலக் கிடக்கிற நச்சு முள் மீனான கல்மீன் குத்தினால் நேரே ஆஸ்பத்திரிதான். அதை வீட்டில் வளர்ப்பதே எனக்கு விசர் வேலையாகத்தான் தெரிகிறது.

அப்புறம், பெட்டிமீன். முள் இல்லை, ஆனால் மிரண்டால் தோலிலிருந்து நஞ்சைக் கக்கி மற்ற மீன்களையும் சாகடித்துவிடும். ஊதிப் பெருக்கிற பேத்தை மீனுக்கும் உடம்பில் நஞ்சு உண்டு; அது தொட்டியில் செத்தால் பூனைக்குப் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.