ஃபியட் 1100: சில்லில் திரும்பத் திரும்ப வந்த துரு

ஒருவழியாகத் தீர்ந்தது, பெரிய நிம்மதி. என் காரின் இடப்பக்கக் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும், உள்ளே வெற்றிடமான தகட்டுப் பெட்டிதான் சில் (sill). அதில் பெயின்ட் கொப்புளம். சுரண்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் மறுபடி. கதவு ரப்பரை மாற்றினேன், பலனில்லை. துரு மாற்றி திரவம் தடவினேன், அதுவும் வெளித்தோலோடு நின்றுவிட்டது.

துப்பு கொடுத்தது ஒரு சத்தம். மழைக்கு மறுநாள் பிரேக் பிடித்தால் காலடியில் ‘சளக்’. தண்ணீர் சில்லுக்குள்ளேயே நின்றிருக்கிறது! இந்த வண்டிக்கு உடலைத் தாங்கும் தனி அடிச்சட்டம் (சேஸிஸ்) கிடையாது, சில்தான் எலும்பு. அதன் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை, முன்பு யாரோ அடித்த கறுப்பு அண்டர்கோட்டிங் (அடிப்பாகத்துக்கான துருத்தடுப்புப் பூச்சு) மூடியிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அடிப்பாகம் பளிச்சென்று பாதுகாப்பாகத்தான் தெரியும், அதுதான் ஏமாற்று.

மழுங்கிய கம்பியால் துளைகளைத் திறந்ததும் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. அரித்த பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டி, 1 மி.மீ. தகட்டை வெல்டிங் செய்தேன். இணையும் விளிம்புகளில் ஜிங்க் பிரைமர் (துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு). மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே, நீளக் குழாய் முனையால் உள்ளே துருத்தடுப்பு மெழுகுத் தெளிப்பு. வரிசை மாறக்கூடாது: மெழுகு முதலில் போனால் வெல்டிங் பொறியில் தீப்பிடிக்கும். ஈரத்தின் மேல் அடித்தால் துரு அடியில் தொடரும். தெளித்ததும் துளைகளில் மீண்டும் கம்பி விடுங்கள், மெழுகே அடைத்துவிடும். இப்போது மழைக்கு முன்னும் பின்னும் கம்பி விடுகிறேன்.