ரோபோ நின்றால் முதலில் எங்கே பார்ப்பது?

ஃபர்ஸ்ட் (FIRST) என்ற அமெரிக்க அமைப்பு 1992 முதல் நடத்திவரும் பள்ளி மாணவர்களுக்கான ரோபாட்டிக்ஸ் போட்டியில் ஓர் ஆட்டம் ஏறக்குறைய இரண்டரை நிமிடம்தான். முதல் சில விநாடிகள் ரோபோ தானாக ஓட வேண்டும். அப்புறம்தான் மாணவர்கள் கைக்கு வரும். இதற்கு நடுவில் ரோபோ நின்றுவிட்டால் பெரும்பாலான அணிகள் செய்யும் முதல் தவறு, “களத்து வைஃபையில்தான் கோளாறு” என்று கைநீட்டுவது.

சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். 2012இல் செயின்ட் லூயிஸில் நடந்த இறுதிச் சுற்றில் ரோபோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. விசாரித்தபோது, ஒருவர் வேண்டுமென்றே கைபேசி மூலம் ரோபோக்களின் இணைப்பைக் கெடுத்தது தெரிந்தது. முரண் பாருங்கள், எதிரணியோடு சேர்ந்து ஒரு பாலத்தில் ரோபோவைச் சமநிலையில் நிறுத்தினால் புள்ளி என்று விதி இருந்த ஆண்டு அது! ஆனால் அதே விசாரணையில், சில ரோபோக்கள் நின்றதற்கு அவற்றின் சொந்தக் கோளாறுதான் காரணம் என்பதும் வெளிவந்தது.

ஆகவே முதலில் ரோபோவிலுள்ள ஆரஞ்சு விளக்கைப் பாருங்கள். மினுக்கினால் ரோபோ இயங்கும் நிலையில் இருக்கிறது. மினுக்காமல் எரிந்தால் மின்சாரம் உண்டு, இயக்க அனுமதி இல்லை. அணைந்திருந்தால் மின்சாரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்: மோதியதில் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் மெயின் பிரேக்கரின் பொத்தான் அமுங்கியிருக்கலாம், பேட்டரி முனையின் போல்ட் தளர்ந்திருக்கலாம். ரோபோவைக் களத்து வைஃபையோடு இணைக்கும் ரேடியோவுக்குப் போகும் ஒயர் ஒரு நொடி விட்டுப்போனாலும் போதும், அது மறுபடி உயிர்பெறப் பல விநாடிகள் ஆகிவிடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் பார்ப்பது சலிப்பான வேலைதான். ஆனாலும் செய்யுங்கள்.

ரோபோ விட்டுவிட்டு ஓடினால் பேட்டரியைப் பாருங்கள். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய ஆறரை வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், கட்டுப்பாட்டுக் கருவி தன்னைக் காத்துக்கொள்ள மோட்டார்களை நிறுத்திவிடும். இதெல்லாம் ரோபோவை இயக்கும் மடிக்கணினியில், டிரைவர் ஸ்டேஷன் மென்பொருளின் லாகில் வரைபடமாகப் பதிவாகியிருக்கும். களத் தொழில்நுட்ப ஆலோசகரிடம் போகும்போது அந்த மடிக்கணினியையும் எடுத்துப் போங்கள். கோபத்தைவிட அந்த வரைபடம் அவருக்கு உதவும்.

அடுத்த தவறு பெரியவர்களுடையது. நடுவரிடம் முறையிட, கேள்விக்கென ஒதுக்கிய இடத்தில் போய் நிற்க வேண்டியவர் மாணவர்தான். பயிற்சியாளரோ அப்பாவோ முந்திக்கொண்டு போகக் கூடாது. கைபேசியில் எடுத்த வீடியோவைக் காட்டிப் பயனில்லை, நடுவர்கள் பார்க்க மாட்டார்கள்.

எதிரணியின் ரோபோ நின்றதும் கைதட்டுவதும் வேண்டாம். மறைந்த எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃப்ளவர்ஸ் இந்தப் போட்டியில் பரப்பிய பண்பு, கடுமையாக மோது, எதிராளியை மதி என்பது. பண்பை விடுங்கள், கணக்காகப் பார்த்தாலும் நஷ்டம்தான். தகுதிச் சுற்றில் பக்கத்துக்கு மூன்று அணிகள்; கூட்டாளிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவார்கள். இப்போது நீங்கள் சிரித்த அணி அடுத்த ஆட்டத்திலேயே உங்கள் பக்கம் வரலாம். கடைசிச் சுற்றுக்குத் தன் கூட்டணியில் யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் இடத்திலும் அந்த அணி இருக்கலாம்.

அதனால் யாராவது பேட்டரி கேட்டு வந்தால் கொடுங்கள். அதன்மேல் உங்கள் அணி எண்ணை மட்டும் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்; மாலையில் எல்லா பேட்டரியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.