ஆக்சலாட்டில் குஞ்சுக்கு உயிர் இரை: தருமபுரி வெயிலில் வளர்ப்பது எப்படி?

ஆக்சலாட்டில் மெக்சிகோ ஏரிகளின் சலமாண்டர். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சுகமில்லை. தருமபுரியில் இதை வளர்க்கிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். குஞ்சுகளைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, ஐஸ் பாட்டில் மாற்றி மாற்றிக் காப்பாற்றுகிறேன். அவற்றின் இரைக்கோ நம் வெயில்தான் பிடிக்கிறது.

(வாங்கும் முன் ஒன்று: இது சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள உயிரினம். 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.)

பொரிந்த குஞ்சு ஒரு சென்டிமீட்டர் இருக்கும். முதல் இரண்டு நாள் வயிற்றில் உள்ள மஞ்சள் கருவே போதும். அப்புறம் கண்முன் அசைவதை மட்டும்தான் கவ்வும். தூள் தீவனம் போட்டால் தண்ணீர்தான் நாறும்.

முதல் வாரத்துக்கு ஆர்ட்டீமியா. நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழ்கிற, இறால் போன்ற பொடி உயிரிதான். இதன் முட்டை அலங்கார மீன் கடைகளில் டப்பாவில் கிடைக்கும். ஒரு பெரிய பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, மூடி கீழே வருமாறு தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் கல்லுப்பு, அரை டீஸ்பூன் முட்டை. காற்றுக் குழாய் அடி வரை போக வேண்டும்; இல்லையென்றால் முட்டை அடியில் தங்கிப் பொரியாது. பக்கத்தில் ஒரு பல்பு எரியட்டும். 26, 28 டிகிரியில் 24 மணி நேரத்தில் பொரியும். வடநாட்டுக் குளிரில் இதற்கு ஹீட்டர் வேண்டும், நமக்குச் சமையலறை மூலையே போதும்.

பொரிந்ததும் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். ஓடுகள் மேலே மிதக்கும். வெளிச்சத்தைக் கீழ்ப்பக்கம் காட்டினால் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அங்கே திரளும். சிறு குழாயால் உறிஞ்சி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு போக வேண்டும். டிராப்பரால் காலை, மாலை கொடுங்கள். வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் சாப்பிட்டுவிட்டது என்று அர்த்தம். நல்ல தண்ணீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரத்தில் செத்துவிடும், மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள்.

தினம் ஆர்ட்டீமியா முட்டை வாங்கினால் கட்டாது. அதனால் மொய்னா; நல்ல தண்ணீரிலேயே பெருகும் பொடி நீர்த்தெள்ளு இது. ஆக்சலாட்டில் முட்டை பொரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். முட்டையைக் கண்ட அன்றே மொய்னா தொட்டியைத் தொடங்கிவிடுங்கள். வேப்பமர நிழலில் ஒரு டப், 50 லிட்டர் தண்ணீர். ஒகேனக்கல் குடிநீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வையுங்கள், இல்லையென்றால் மொய்னா மொத்தமும் போய்விடும். மீன் வளர்ப்பவரிடம் ஒரு டம்ளர் மொய்னா வாங்கி விடுங்கள். ஒரு சிட்டிகை ஈஸ்ட்டைக் கரைத்து ஊற்றினால் தண்ணீர் லேசாக மங்கும். அது தெளிந்த பிறகே அடுத்த சிட்டிகை. அவசரப்பட்டு அள்ளிப் போட்டு இரண்டு தடவை தொட்டியே நாறிப்போனது எனக்கு. கொசு முட்டையிடும், வலைத்துணி கட்டாயம்.

"மொய்னா ஏரியில் சும்மா கிடைக்கிறதே" என்பார்கள். நானும் ஒருமுறை வலை போட்டு அள்ளினேன். கூடவே வந்த தும்பிப் புழுக்கள் மூன்றே நாளில் பாதிக் குஞ்சுகளைத் தின்றுவிட்டன.

பசித்தால் குஞ்சுகளே ஒன்றின் காலை ஒன்று கடிக்கும். கால் திரும்ப முளைத்துவிடும், ஆனாலும் இரையைக் கூட்டுங்கள். 2 சென்டிமீட்டரைத் தாண்டிக் கால்கள் வந்த பிறகு, மண்புழுவைப் பொடியாக நறுக்கிப் பழக்கலாம்.