கூண்டு, கொடி, கனடா விசா: கப்பல் டிக்கெட் எடுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஏப்ரல் 15 வந்தால் காசிமேட்டில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை நீட்டித்தார்கள். மேற்குக் கரையில் அதே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கடலில் எது எப்போது ஓடும் என்பதைப் பருவமும் சட்டமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன என்பது வட சென்னையில் மீன் வாங்கும் எல்லோருக்கும் தெரியும். மே மாதத்தில் வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வருகிறோம். ஆனால் அதே ஆட்கள் சொகுசுக் கப்பல் விளம்பரத்தைக் கையில் எடுத்தால், அதில் போட்டிருக்கும் ஊரையும் தேதியையும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் நேரம்போல நம்பிவிடுகிறார்கள்.

தம்புச் செட்டித் தெருவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருபது வருடம் கணக்கெழுதியவன் நான். அந்தப் பாவத்துக்கு, தெருவில் யார் கப்பல் டிக்கெட் எடுத்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். பெரும்பாலும் பணம் கட்டிய பிறகு.

அடிக்கடி வரும் கேள்வி, “தீபாவளி லீவுக்குச் சென்னையிலிருந்து கப்பல் உண்டா?” இந்தக் கேள்வியிலேயே தவறு இருக்கிறது. 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிய ‘எம்ப்ரஸ்’ சொகுசுக் கப்பலும், 2023 ஜூன் 5 அன்று ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குப் புறப்பட்ட அதன் முதல் பயணமும் ஜூனில் தொடங்கியது தற்செயல் அல்ல. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும்போது மும்பைப் பக்கம் ஓடும் கப்பல் நம் பக்கம் ஒதுங்குகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் மூட்டையைக் கட்டிவிடும். நமக்கு லீவு கிடைக்கும் நேரமும் வங்கக்கடலில் புயல் பிறக்கும் நேரமும் ஒன்றாக இருப்பது நம் ஜாதகம்.

“புயல் வந்தால் கப்பல் துறைமுகத்தில்தானே பத்திரமாக நிற்கும்? ஒரு நாள் தள்ளி ஏறிக்கொள்ளலாம்” என்பார்கள். நிற்காது. எச்சரிக்கைக் கூண்டின் எண் ஏறும்போது, துறைமுகமே பெரிய கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்பிவிடும். கயிற்றில் கட்டிய கப்பல் அலையில் துறைமுகச் சுவரோடு மோதினால் இரண்டும் போய்விடும். நடுக்கடலில் அது ஆடிக்கொண்டாவது தப்பிக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் நம்மை மிதக்கவிட்டதையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது அனுமதி. விளம்பரத்தில் ஊர்ப்பெயர் இருப்பதால் அந்த ஊர் கப்பலை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். 2022இல் இதே எம்ப்ரஸின் திட்டத்தில் புதுச்சேரியும் இருந்தது. கப்பலில் சூதாட்டக்கூடம் இருக்கிறது என்று அங்கே எதிர்ப்புக் கிளம்பியது; புதுச்சேரி அனுமதி தரவில்லை. 2025 ஜூலையில்தான் அது அங்கே போனது. அப்போதும் கரையில் கட்டவில்லை, தள்ளி நங்கூரம் போட்டு ஆட்களைச் சிறு படகுகளில் இறக்கினார்கள். அப்படி இறக்கும் ஊர் எதுவானாலும், காற்று சற்று வலுத்தால் இறங்குவது ரத்து. முட்டிவலி உள்ளவர்கள் பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது.

இப்போது எதிர்வீட்டு அக்காவின் கதை. பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து சியாட்டிலில் இருக்கும் மகன் வீட்டுக்கு அக்காவும் அவர் கணவரும் போனார்கள். மகன் அலாஸ்காவுக்கு ஏழு நாள் கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருந்தான். அமெரிக்காவில் ஏறி, அமெரிக்காவைப் பார்த்து, அமெரிக்காவில் இறங்குவது. அமெரிக்க விசா பத்து வருடத்துக்குக் கையில் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? முறுக்கு டப்பாவும் பெட்டியுமாகத் துறைமுகத்தில் வரிசையில் நின்றவர்களிடம், பாஸ்போர்ட்டைப் புரட்டிய பெண் கேட்டாளாம்: “கனடா விசா எங்கே?”

1886இல் போட்ட ஒரு அமெரிக்கச் சட்டம் அவர்களை மடக்கிவிட்டது. வெளிநாட்டுக் கொடி பறக்கும், அதாவது வெளிநாட்டில் பதிவான கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும். சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, மால்டா கொடியில் ஓடுபவை. கப்பலின் பின்பக்கம் பெயருக்குக் கீழே பஹாமாஸின் நசாவ் என்றோ மால்டாவின் வல்லெட்டா என்றோ பதிவான ஊர் எழுதியிருக்கும். கம்பெனி எந்த நாட்டுடையது என்பதைவிட அந்த ஒரு சொல்தான் முக்கியம். அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் திரும்பும் வழியில் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கின்றன. நம் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா கட்டாயம். கப்பலைவிட்டு இறங்க மாட்டேன் என்று சொன்னாலும் எடுபடாது. கட்டிய பணத்தில் ஒரு டாலர்கூடத் திரும்பவில்லை.

மறு வருடம் விசா வாங்கிக்கொண்டு போய்வந்தார்கள். விக்டோரியாவை அடைந்தபோது இரவாகிவிட்டதாம். அக்கா மேல்தளத்திலிருந்து விளக்குகளைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

2021இல் கொரோனாவுக்காகக் கனடா தன் துறைமுகங்களைச் சொகுசுக் கப்பல்களுக்கு மூடியபோது, அலாஸ்காவின் கோடைக் காலமே பாழாகிவிடும் நிலை வந்தது. அந்த 1886 விதிக்குத் தற்காலிக விலக்கு தர அமெரிக்கா தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் கரையோரத்தில் வெளிநாட்டுக் கொடிக் கப்பல் தொழில் செய்ய விதிகள் உண்டு. 2025 ஆகஸ்டில் கரையோரக் கப்பல் சட்டமும் வணிகக் கப்பல் சட்டமும் புதிதாக வந்திருக்கின்றன. ஆகவே நடுவழியில் விசாகப்பட்டினத்தில் இறங்கி அத்தை வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள், அதற்கு இடம் உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். இது பஸ் அல்ல.

போன வருடம் போய்வந்தவர் சொன்ன ஊர்களையே கேட்டு அடம்பிடிப்பதும் வீண். 2021 ஆகஸ்ட் 1 முதல் வெனிஸ் நகரின் வாசலுக்கு 25,000 டன்னுக்கு மேற்பட்டதோ 180 மீட்டருக்கு மேல் நீளமானதோ வர முடியாது. (இந்த டன் எடை அல்ல, கப்பலின் உள்ளளவு. இதைக் குழப்பிக்கொள்ளாதவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.) நாம் ராயபுரத்திலிருந்து அண்ணாந்து பார்த்த எம்ப்ரஸே ஏறத்தாழ 48,500 டன், 211 மீட்டர். இன்றைய புதிய கப்பல்களின் பக்கத்தில் அது குட்டி. அதையே வெனிஸில் விடமாட்டார்கள். விளம்பரத்தில் ‘வெனிஸ்’ என்று போட்டு ராவென்னாவில் இறக்கிவிட்டால், நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் பயணம் உங்கள் தலையில். அலாஸ்காவின் ஜூனோ, 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் போதும் என்று வைத்துக்கொண்டது. நார்வேயின் உலகப் பாரம்பரியச் சின்னமான கடற்கழிகளில் (ஃபியோர்டு என்பார்கள், மலைகளுக்கு நடுவே புகுந்த கடல்) 2026 முதல் 10,000 டன்னுக்குக் குறைந்த பயணிக் கப்பல்கள் புகையே விடக் கூடாது. பெரியவற்றுக்கு 2032 வரை தவணை. அண்டார்டிகாவில் 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையில் இறக்குவதில்லை. ‘அண்டார்டிகா மலிவு விலையில்’ என்றால், பனியை மேல்தளத்திலிருந்து பார்க்கத்தான் அந்த விலை.

எண்ணெய் விதியும் கட்டணத்தில் ஏறும். மத்தியதரைக்கடலில் 2025 மே 1 முதல் கந்தகம் 0.10 சதவீதத்துக்கு மேல் இருக்கும் எரிபொருளை அப்படியே எரிக்க முடியாது. 2024 முதல் ஐரோப்பாவில் கப்பல் விடும் புகைக்கும் கட்டணம் வைத்திருக்கிறார்கள். செலவைக் குறைக்கக் கப்பல் மெதுவாகப் போகும். மெதுவாகப் போனால் ஒரு ஊர் கழன்றுவிடும்.

அப்படிக் கழன்றால் பணம் திரும்புமா? பெரும்பாலான கம்பெனிகளின் நிபந்தனைகளில் ஊரையும் வரிசையையும் மாற்றும் உரிமை அவர்களுடையது என்று பொடி எழுத்தில் இருக்கும். பொதுவாகக் கிடைப்பது அந்தத் துறைமுகத்துக்கான கட்டணம் மட்டுமே. கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். இன்ஷூரன்ஸ் எடுத்தால், தவறிய துறைமுகத்துக்கும் புயல் தாமதத்துக்கும் அதில் இடம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் தலையாட்டியது கணக்கில் வராது.

கடைசியாக, உள்ளூர் விஷயம். சொகுசுக் கப்பல் பயணிகளுக்காக 17.21 கோடி ரூபாயில் கட்டிய முனையம் சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கிறது. சுற்றிலும் கன்டெய்னர் லாரிகள். எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். எந்த வாயில் என்று முந்தின நாளே கேட்டுக்கொண்டு, கடற்கரை ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து ஆட்டோ பிடிப்பது மேல். திரும்பும் நாளில் மாலை ஐந்து மணிக்கு சென்ட்ரலில் ரயில் என்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் ரயிலுக்கு எடுங்கள்.